சேஃப் என்று எழுதிய கை

கண்ணு, இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். கேன்டீனில் வைத்தும் படிக்காதே. ஹாஸ்டல் ரூமில் உன்னோடு இருக்கிற பையன்கள் வெளியே போன பிறகு படி. துவைத்த துணியோடு உன் அப்பா இதைக் கொண்டுவந்து கொடுப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அவரிடம் கேட்காதே. அம்மா இத்தனை பக்கம் எழுதுவாளா என்று நீ சிரிப்பாய். மளிகை லிஸ்ட் தவிர நான் எழுதி நீ பார்த்ததில்லை. ஆனால் இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனியில் ஆறு வருஷம் நான் தினமும் எழுதினேன், அதுவும் இங்கிலீஷில். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்லத்தான் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது மூன்று தடவை உன் எதிரே வந்து உட்கார்ந்தேன். மூன்று தடவையும் "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமா" என்றுதான் வாயில் வந்தது. பயம், வேறொன்றும் இல்லை.

அன்றைக்கு நடந்ததை உனக்கே நினைவுபடுத்துகிறேன். மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டாய். உன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "நாளைக்கு இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கெழம புதுப் பசங்களுக்கு நான்தாம்மா சேஃப்டி கிளாஸ் எடுக்கப் போறேன். ட்ரெய்னியிலயே எனக்குத்தான் ஃபர்ஸ்ட்டு சான்ஸு" என்றாய். பிறகு ஒரு படத்தைக் காட்டினாய். பெரிய ப்ரஸ் மெஷின், சுற்றி மஞ்சள் கோடு. "இது நம்ம கம்பெனிலயே நீ இருந்த ப்ளாண்ட்டுமா. இந்தக் கேஸ் உனக்குத் தெரியுமா? ஒரு ஆளுக்கு நாலு வெரல் போயிடுச்சு. மெஷின் மேல ஒரு கொறையும் இல்ல. அன்னிக்குக் காலீல செக்லிஸ்ட்ல சேஃப்னு எழுதிக்கீறாங்க பாரு. இவன் தூக்கக் கலக்கத்துல கைய வுட்டுட்டான். ஆபரேட்டரோட அஜாக்கிரதைக்கு இதவிட எக்ஸாம்பிள் கெடைக்காதுன்னு எங்க சார் சொன்னாரு." படத்துக்குக் கீழே அந்தச் செக்லிஸ்டையும் நகலெடுத்துப் போட்டிருந்தார்கள். எழுதியவர் பெயர் இருந்த இடத்தை மறைத்திருந்தார்கள். கட்டத்துக்குள் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில் அந்தச் சொல் இருந்தது. அது என் கையெழுத்து. என் இங்கிலீஷ் எழுத்தை நீ பார்த்ததே இல்லை, உனக்கு எப்படித் தெரியும்? நான் எழுந்து போய் உனக்கு இன்னொரு துண்டு மீன் எடுத்து வந்தேன்.

திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்டேனே, நினைவிருக்கிறதா? "சேஃப்னா சரியா இன்னா அர்த்தம்டா?" நீ சிரித்தாய். "ஆறு வருசம் ப்ளாண்ட்ல இருந்துட்டு இதக் கேக்குறியே" என்று சொன்னாலும், எனக்குப் பாடம் நடத்த ஒரு வாய்ப்புக் கிடைத்த சந்தோஷத்தில் போனை எடுத்துத் தேடினாய். லத்தீனில் சால்வுஸ் என்று ஒரு சொல்லாம். முழுசாக, குறையில்லாமல், அடிபடாமல் என்று அர்த்தமாம். அது பிரெஞ்சுக்காரர்கள் வாயில் சோஃப் என்று தேய்ந்து, இங்கிலீஷுக்கு வந்து சேஃப் ஆனதாம். "நம்ம சர்வம்னு சொல்றோமே, சமஸ்கிருதத்துல இருந்து வந்தது, அதுக்கும் இதுக்கும் ஒரே வேருன்னு போட்டுக்கீறான்மா. எல்லாம் முழுசா இருக்கறதுன்னு" என்று படித்தாய். ஆபத்து இல்லாத இடம், ஆபத்து தராத பொருள் என்கிற அர்த்தத்துக்கெல்லாம் அடியில் இந்த அர்த்தம்தான் இருக்கிறது என்றாய். உடம்பு முழுசாக இருப்பது. நீ படித்துக்கொண்டே போனாய். எனக்கு அதற்கு மேல் காதில் விழவில்லை.

அந்தச் சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பாஸ்கர் என்கிற சூப்பர்வைசர். நீ ஏழாவது சேர்ந்த வருஷம் நான் வேலைக்குப் போனேன். வயலைக் கம்பெனிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு உன் அப்பா ஒரு வேலையிலும் நிலைக்காமல் திண்டாடிய சமயம். பன்னிரண்டாவது வரை படித்தவள் என்பதால் என்னை லைனில் நிறுத்தாமல் செக்கிங்கில் போட்டார்கள். ஷிஃப்ட் ஆரம்பிக்கிறபோது, தகட்டை அழுத்துகிற ப்ரஸ் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து அட்டையில் கட்டங்களை நிரப்ப வேண்டும். "இதுல இன்னா சார் எழுதணும்?" என்று முதல் நாள் கேட்டேன். "சேஃப்னு எழுதும்மா. எல்லாக் கட்டத்துலயும் அதான்" என்றார். "மெஷினப் பாத்துட்டா சார்?" என்றதற்கு, "பாத்துகினே எழுது, டைம் இல்ல" என்றார். அன்று ராத்திரி நீ தூக்கிப் போட்ட பழைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த நாலு எழுத்தை எழுதி எழுதிப் பழகினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வருஷங்களில் நம் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் எதை எடுத்தாலும் சேஃப்தான். நிலத்துக்கு ஆள் பிடிக்க வந்த புரோக்கர் சேஃப் என்றான். தண்ணி கேன் போடுகிறவன் சேஃப் என்றான். மண்ணூர்ப் பக்கம் ஹாஸ்டலில் பெண்ணை விட்டுவிட்டுப் போன அம்மாக்கள் வார்டனிடம் சேஃபா சேஃபா என்று பத்துத் தடவை கேட்டார்கள், அவளும் பத்துத் தடவை தலையாட்டினாள். நம் வீட்டில் பத்திரமா போய்ட்டு வா என்று சொல்கிறோமே, அது பயத்தில் சொல்வது. வண்டி தெரு முனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்போம். அட்டையில் நான் எழுதியது அப்படி இல்லை. எழுதிவிட்டால் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம். நானும் நாளாக ஆகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பதினொரு மெஷினுக்கும் நடந்துகொண்டே எழுதுவேன், சில நாள் டீ குடித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

இசக்கிமுத்து எங்கள் லைனுக்கு வந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். கான்ட்ராக்டில் வந்தவன், இருங்காட்டுக்கோட்டையில் ஆறு பேரோடு ஒரு ரூமில் இருந்தான். வெடுக்கென்று பேசுவான், வேலையில் சுத்தம். என்னை யக்கா என்றுதான் கூப்பிடுவான். ப்ரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் சென்சார் கம்பம் இருக்கும், அது உனக்குத் தெரியும். ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும், நடுவில் கை வந்து மறைத்தால் மெஷின் நின்றுவிடும். தகடு கோணலாக விழுந்தால் இசக்கி கையை உள்ளே விட்டு நேராக்குவான். "ஏன்டா, ஆஃப் பண்ணிட்டு எடுக்கக் கூடாதா?" என்று நான் திட்டினால், "கைய வச்சா நின்னுரும்லாக்கா. எதுக்குப் பயப்படுதிய?" என்பான். அவன் சொன்னது உண்மை. ஒவ்வொரு தடவையும் நின்றது.

நீ ஒன்பதாவது படித்த வருஷம், ஆயுதபூஜை. ப்ளாண்ட்டில் அதைப் பெரிதாகக் கொண்டாடுவோம். மெஷினையெல்லாம் துடைத்து, மாலை போட்டு, ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து. சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் வருஷா வருஷம் என் கையில்தான் கொடுப்பார்கள். கல்யாண வீட்டுக்காரி மாதிரி நடந்து நடந்து பதினொரு மெஷினுக்கும் வைத்தேன். ஐந்தாவது ப்ரஸ்ஸின் நெற்றியில் மாலை தொங்கியது, பொட்டு வைக்க இடமில்லை. வேறு எங்கே வைக்கலாம் என்று பார்த்தேன். வலப்பக்கத்துக் கம்பம் பளபளவென்று கண்ணாடியோடு கண்ணில் பட்டது. மூன்று விரலால் சந்தனத்தைக் குழைத்து அந்தக் கண்ணாடிமேல் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். அழகாக இருந்தது. தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

பூஜை முடிந்ததும் ராசிக்கு ஒரு பீஸ் ஓட்டுவது வழக்கம். ஐந்தாவது ப்ரஸ்தான் புதிது, அதில்தான் ஓட்ட வேண்டும் என்றார்கள். ஆபீஸ் ஆட்கள் எல்லாம் பொரிப் பொட்டலத்தோடு சுற்றி நிற்கிறார்கள். பட்டனை அழுத்தினால் மெஷின் இறங்கவில்லை. சென்சார் கண்ணாடி மறைந்திருந்ததால் கை உள்ளே இருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டது. இது இப்போது எனக்குப் புரிகிறது. அன்றைக்கு எல்லார் முகமும் வெளுத்துவிட்டது. பூஜையன்றைக்கே மெஷின் ஓடவில்லை என்றால் அந்த வருஷம் விளங்குமா? மெயின்டனன்ஸ் ஆட்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். "இன்னாய்யா இது, நல்ல நாளும் அதுவுமா" என்று முணுமுணுத்துக்கொண்டே பாஸ்கர் மெஷினின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து பைபாஸ் சாவியைத் திருப்பினார். அதைத் திருப்பினால் சென்சார் என்ன சொன்னாலும் மெஷின் கேட்காது. ப்ரஸ் இறங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பீஸை எடுத்துச் சாமி படத்தடியில் வைத்தோம். நானும்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

லீவு முடிந்து காலை ஷிஃப்ட். நான் அட்டையோடு போனேன். ஐந்தாவது ப்ரஸ்ஸின் பெட்டியில் சாவி திரும்பியபடியே நின்றது. பார்த்தேன். கண்ணு, பார்த்தேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு இத்தனை பக்கம் தேவைப்பட்டது. பாஸ்கர் சார் வந்து திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே கை தானாக எழுதியது. எட்டாவது மெஷினுக்குப் போயிருப்பேன், பின்னால் ஐந்தாவது ப்ரஸ்ஸில் அந்தச் சத்தம் கேட்டது. இசக்கி கத்தவில்லை. "நிக்கலக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

அவனை வேனில் ஏற்றிக்கொண்டு போன பிறகு நான் அந்த மெஷினுக்குத் திரும்பி வந்தேன். சாவி பழைய நிலையில் இருந்தது, யார் திருப்பியது என்று கேட்காதே. கம்பத்தின்மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து விளங்கியது. மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட்டில் ஒரு பிடி எடுத்து அதைச் சுத்தமாகத் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் பாஸ்கர் எதிரில் நிற்கிறார். "ஒண்ணும் பேசாத. பேசுனா ரெண்டு பேரும் தெருவுல நிக்கணும். வூட்டுல புள்ள படிக்குது இல்ல?" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமலே இருந்திருந்தாலும் நான் பேசியிருக்க மாட்டேன் என்பதுதான் நிஜம். விசாரணைக்கு வந்தவர்கள் மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள், ஒரு குச்சியை உள்ளே நீட்டியதும் நின்றது. என் அட்டையைப் பார்த்தார்கள். "நீங்க செக் பண்ணும்போது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள். "சேஃபாதான் சார் இருந்துச்சு" என்றேன். அதோடு முடிந்துவிட்டது. மெஷின் சரி, அப்படியென்றால் ஆள்தான் தப்பு.

அன்று சாயங்காலம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் உன் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக எண்ணினேன். "இன்னாமா, வுடு" என்று இழுத்துக்கொண்டு விளையாட ஓடினாய். அதற்குப் பிறகு நான் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தேன். ஒவ்வொரு சாவியையும் தொட்டுப் பார்ப்பேன், ஒவ்வொரு கண்ணாடியையும் துடைப்பேன். லேட் ஆகிறது என்று திட்டு வாங்குவேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. கட்டத்தில் பேனாவை வைத்ததும் எடுத்துவிட்டு, மறுபடி முதல் மெஷினிலிருந்து பார்ப்பேன். முட்டி வலி என்று சொல்லி வேலையை விட்டேனே, முட்டியில் எனக்கு ஒரு வலியும் கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை போனேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கேட்டான், "யக்கா, கைய வச்சா நிக்கணும்லா, ஏன் நிக்கல?" நான் சாத்துக்குடியை உரித்துக்கொண்டே "தெரியலடா தம்பி" என்றேன். ஊருக்குப் போய்விட்டான். தீபாவளிக்குத் தீபாவளி போன் பண்ணுவான். கொஞ்ச நாள் அதே கேள்வியைக் கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. போன தீபாவளிக்குப் பேசும்போது, பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றான். தூக்கினாயா என்று கேட்டேன். "இல்லக்கா. நாந்தான் கவனமில்லாத பய. எல்லாரும் அப்படித்தான சொல்லுதாவ, சரியாத்தான் இருக்கும். எங் கைய நம்பிப் பிள்ளையத் தூக்கப் பயமா இருக்கு" என்றான். இன்னொரு கை அவனுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, தன்மேல்தான் நம்பிக்கை இல்லை. அவன் விரலை மெஷின் எடுத்தது. மிச்சத்தை நான் எழுதிய சொல் எடுத்துக்கொண்டது. அதையே திங்கட்கிழமை நீ நாற்பது பையன்கள் முன்னால் நின்று பாடமாகச் சொல்லப் போகிறாய். என் பிள்ளை வாயால்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நீயும் இனிமேல் தினமும் அந்தச் சொல்லை எழுதுவாய், அதற்குக் கீழே உன்னைக் கையெழுத்தும் போடச் சொல்வார்கள். மெஷினை மட்டும் பார்த்து எழுதாதே, அதன் முன்னால் நிற்கிறவனைப் பார்த்து எழுது. நீ படித்துக் காட்டிய அந்தப் பழைய அர்த்தத்தில் எழுது. சாயங்காலம் அவன் முழுசாக வெளியே போகிறானா என்று கேட்டில் நின்று பார்த்துவிட்டு எழுதினால்கூடத் தப்பில்லை. எவனாவது சாவியைத் திருப்பி வைத்திருந்தால், அவன் உன் மேலதிகாரியாக இருந்தாலும், நல்ல நாளாக இருந்தாலும், அந்தக் கட்டத்தை நிரப்பாதே. பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயத்தோடேயே நிரப்பாமல் இரு.

இந்தக் கடிதத்தை உன் ஆபீசரிடம் கொடு. இதோடு வைத்திருக்கிற தனித் தாளில் என் முழுப் பெயரும் அப்போதைய டோக்கன் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னைக் கூப்பிட்டு விசாரிக்கட்டும், வருகிறேன். என்ன செய்வார்கள் என்று தெரியாது. ஊரில் என்ன பேசுவார்கள், உன் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பேன், அதுவும் தெரியாது. எல்லாவற்றையும்விட, சேர்ந்து ஒரு மாசம் ஆகாத உன் வேலைக்கு என்னால் ஆபத்து வந்துவிடுமோ என்பதுதான் உயிரைக் குடிக்கிறது. பிடிக்கவில்லை என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடு, நான் கேட்க மாட்டேன் என்று முதலில் ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன், பார். கேட்பேன்.

இதுவரை நேற்று எழுதி மடித்து வைத்தேன். இன்று காலை உன் அப்பா கடைக்குப் போன நேரத்தில் இசக்கிக்குப் போன் போட்டேன். உன்னிடம் சொல்லிவிட்டு அவனிடம் சொல்லாமல் இருப்பது சரியாகப் படவில்லை. சந்தனம், சாவி, அட்டை, பனியன் வேஸ்ட், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதேன், அவன் தேற்றவில்லை. தேற்றாதது நல்லதுதான். "உன் மேல ஒரு தப்பும் இல்லடா, மெஷின் நிக்கல, நிக்காத மாதிரி நாங்க வெச்சிருந்தோம்" என்று முடித்தேன். திட்டப் போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு போனை வாயிலிருந்து நகர்த்திவிட்டு அவன் யாரையோ கூப்பிடுவது கேட்டது. "ஏட்டி, பிள்ளைய இங்க கொண்டா." கொலுசுச் சத்தம் பக்கத்தில் வந்தது. "ரெண்டு கையிலயும் குடு" என்றான். குழந்தை சிணுங்கியது, பிறகு சிணுங்கலும் நின்றது. என்னோடு அவன் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை.

அவன் என்னை மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. நீயும் மன்னிக்க வேண்டாம். திங்கட்கிழமை அந்தப் பையன்களிடம் அவன் பெயரைச் சொல்லி, மெஷின் நிற்கவில்லை என்று சொல். அது போதும்.

அம்மா